திட்டம் முடிகிற வருடம் யாரைக் கேட்பது?

“ஆட்சி மாறினா திட்டமும் போச்சு. இதுல இன்னா தொலைநோக்கு?” எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. பத்து வருடத்துக்கு, இருபது வருடத்துக்கு என்று அரசு எதையாவது அறிவித்துவிட்டால் போதும், செய்தித்தாளை மடித்து வைப்பதற்குள் இந்த வரி வந்துவிடும். வாலாஜா பஸ் நிலையத்திலும் கேட்டிருக்கிறேன், சத்துவாச்சாரியில் குடியிருக்கும் அரசு ஊழியர்கள் வாயாலும் கேட்டிருக்கிறேன். அதை முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனாலும் எனக்கு அது ஒருநாளும் ஒட்டவில்லை. எத்தனையோ ஆட்சி மாறியும் நாற்பது, ஐம்பது வருடம் நின்று நடக்கிற காரியங்கள் இதே மாநிலத்தில் இருக்கின்றன. ஒரே கட்சி தொடர்ந்து ஆண்டபோதே நினைவை விட்டுப் போன திட்டங்களும் இருக்கின்றன. அப்படியானால் ஒரு திட்டத்தை நிற்க வைப்பதும் விழ வைப்பதும் வேறு ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

2012 மார்ச்சில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா ‘தொலைநோக்குத் திட்டம் 2023’ ஆவணத்தை வெளியிட்டார். பதினோரு வருடத்தில் 15 லட்சம் கோடி ரூபாய் முதலீடு, இருநூறுக்கும் மேற்பட்ட உள்கட்டமைப்புத் திட்டங்கள், வருடத்துக்கு 11 சதவீத வளர்ச்சி. 73 ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த தனிநபர் ஆண்டு வருமானத்தை நாலரை லட்சமாக, அதாவது அன்றைய கணக்கில் பத்தாயிரம் டாலராக, உயர்த்துவது இலக்கு. 2014இல் இரண்டாம் பாகமும் வந்தது. நான் அதை மரியாதையோடுதான் படித்தேன். ஒரு மாநில அரசு அடுத்த தேர்தலைத் தாண்டிப் பார்க்கிறது, அதையும் எண்களில் எழுதித் தருகிறது என்பது சின்ன விஷயமில்லை. அந்த அரசின் கட்சியே 2021 வரை ஆட்சியில் இருந்தது. ஆக, ‘ஆட்சி மாறினால் போச்சு’ என்கிற சமாதானம் இங்கே செல்லாது. பிறகு 2023 வந்தது. கோட்டைத் திடலில் பொருட்காட்சி நடந்தது, பாலாற்றில் மணல் பிரச்சினை பேசப்பட்டது, பள்ளிகள் திறந்தன. அந்த ஆவணத்தைப் பற்றி எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 2022-23இல் தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம், விலைவாசி உயர்வையும் சேர்த்து, மூன்று லட்சத்தைத் தொடவில்லை. இலக்கை எட்டாததில் எனக்கு வருத்தமில்லை. நடுவில் ஒரு பெருந்தொற்று வந்து போனது, எந்தக் கணக்கும் அப்படியே பலிக்காது. ஆனால் ‘இவ்வளவு நினைத்தோம், இவ்வளவு வந்தது, இது ஏன் வரவில்லை’ என்று ஊருக்குச் சொல்ல ஒருவரும் இல்லாமல் அந்த வருடம் கடந்து போனது. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கலெக்டர் அலுவலகக் கூட்டம்

இந்த ஆற்றாமைக்கு ஒரு வடிவம் கொடுத்தவர் என் பெரியப்பா. அவருக்குக் காவேரிப்பாக்கம் ஏரி ஆயக்கட்டில், அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் பரப்பில், நிலம். நெல்தான் வைப்பார், தண்ணீர் குறைந்த வருடத்தில் வேர்க்கடலை. அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்குத் தவறாமல் போய்விடுவார். மடை பழுது, கால்வாய் ஆக்கிரமிப்பு, நெல் கொள்முதல் நிலையத்தில் தாமதம் என்று ஏதாவது ஒரு மனு கையில் இருக்கும். மாவட்டத்தின் எதிர்கால வளர்ச்சி பற்றி ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் என்று தகவல் வந்தபோது, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

திரையில் படங்கள் ஓடின. தொழில் பூங்கா, சாலை, திறன் பயிற்சி மையம், ஏரிப் புனரமைப்பு. ஒவ்வொரு படத்தின் கீழேயும் 2030 என்று ஒரு வருடம். விளக்கியவர் இளம் அதிகாரி. நன்றாகத் தயார் செய்திருந்தார், கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒருவர் எழுந்து தன் ஊருக்குப் பாலம் கேட்டார், இன்னொருவர் பஸ் கேட்டார். கடைசியில் பெரியப்பா எழுந்தார்.

“சார், 2030இன்னு போட்டிருக்கீங்க. அந்த வருசம் இதே மாதிரி எங்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுவீங்களா?”

“அப்போ நான் எந்த மாவட்டத்துல இருப்பேனோ, பெரியவரே.”

“உங்களைச் சொல்லலை சார். குறைதீர்வு நாள்ல போன மாசம் குடுத்த மனுவுக்கு இந்த மாசம் பதில் குடுக்கறாங்க. ஆபீசர் மாறிட்டா, புதுசா வந்தவரு பதில் குடுக்கறாரு. மனு அங்கயேதான் இருக்குது. இந்தத் திட்டத்துக்கு அந்த மாதிரி ஒரு நாள் இருக்குதா? அதான் கேக்கறேன்.”

அந்த அதிகாரி அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் யோசித்தார். “நியாயமான கேள்வி. எழுதிக்கிறேன்” என்று சொல்லி நோட்டில் எழுதவும் செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கையில் இருந்த எந்தக் காகிதத்திலும் அந்தக் கேள்விக்கு இடம் கிடையாது.

திரும்பும்போது பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெரியப்பா திட்டத்தை எதிர்க்கவில்லை, சந்தேகப்படக்கூட இல்லை. ஆள் மாறினாலும் கேள்வி மாறாமல் இருக்க ஒரு இடமும் ஒரு நாளும் வேண்டும் என்று கேட்டார், அவ்வளவுதான். அவருடைய மடைப் பழுது மனுவுக்கு அந்த இடம் இருக்கிறது. கூட்டத்தில் பெயர் கூப்பிடுவார்கள், நீர்வளத் துறை அலுவலர் எழுந்து மதிப்பீடு போட்டாயிற்று என்றோ நிதி வரவில்லை என்றோ சொல்லியே ஆக வேண்டும். சரி, சில பதில்கள் வெறும் ஒப்புக்குத்தான் வரும். ஆனால் ஒப்புக்குப் பதில் சொல்வதற்குக்கூட எதிரில் ஒருவர் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் மடைக்குக் கிடைக்கிற இந்த மரியாதை, 15 லட்சம் கோடி ரூபாய் ஆவணத்துக்குக் கிடைக்கவில்லை.

மதியம் பன்னிரண்டரை மணி

நின்று நடக்கிற காரியங்களுக்கு வருவோம். மதிய உணவு. 1956இல் காமராஜர் தொடங்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989இல் கருணாநிதி முட்டை சேர்த்தார். 2022இல் ஸ்டாலின் காலை உணவைக் கொண்டுவந்தார். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத தலைவர்கள், ஒருவர் போட்டதை இன்னொருவர் மாற்றிய கதைகள் ஏராளம். ஆனால் இதில் மட்டும் யாரும் முந்தைய ஆளின் கணக்கைக் கிழித்துப் போடவில்லை, மேலே மேலே சேர்த்துக்கொண்டே போனார்கள். இத்தனைக்கும் இந்த அறுபத்தைந்து, எழுபது வருடக் காரியத்துக்கு ‘தொலைநோக்கு ஆவணம்’ என்று எதுவும் தொடக்கத்தில் அச்சடிக்கப்படவில்லை.

ஓட்டுக்குப் பயந்துதான் என்று சொல்லலாம். அது பாதிக் காரணம். என் கண்ணுக்கு மீதிக் காரணம் பள்ளிக்கூட மைதானத்தில் தெரிகிறது. தினமும் பன்னிரண்டரை மணிக்கு ஒரு பிள்ளை தட்டோடு வரிசையில் நிற்கிறது. சாப்பாடு வரவில்லையென்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். அம்மா கேட்பாள், ஆசிரியர் கேட்பார், சாயங்காலத்துக்குள் வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் நாலு பேர் நிற்பார்கள். கேள்வி ஒவ்வொரு நாளும் தானாகவே புதுப்பிக்கப்படுகிறது. எந்த ஆட்சி வந்தாலும் அந்த வரிசையைத் தாண்டிப் போக முடியாது. ஆற்றுக்கு, நிலத்தடி நீருக்கு, இருபது வருடம் கழித்து வேலை தேடப் போகிற பிள்ளைக்கு இப்படி ஒரு வரிசை கிடையாது. அதனால் அந்த வரிசையை நாம்தான் சட்டம் போட்டு உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இது நமக்குப் புதிதும் இல்லை. பாலாற்றில் கீழே இறங்கிப் போனால் காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் எடுப்பதைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். எனக்கு அதில் பிடித்தது வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. ஏரியின் ஆயுள் நூற்றாண்டுகள், வாரியத்தின் ஆயுள் ஒரு வருடம். இரண்டையும் சேர்த்துக் கட்டியது அந்தக் கணக்கு. எங்கள் காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் வெட்டியது. மகேந்திரவாடி ஏரி அதற்கும் மூத்தது, மகேந்திரவர்மனின் குடைவரைக் கோயில் கல்வெட்டிலேயே அந்தத் தடாகத்தின் பெயர் இருக்கிறது. 1850களில் வெள்ளைக்காரன் வாலாஜா அருகே பாலாற்றில் அணைக்கட்டு கட்டியபோது இந்த ஏரிகளைத்தான் கால்வாய் வெட்டி இணைத்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு வந்தபோது தண்ணீரை வாங்கி வைத்ததும் இதே ஏரிகள்தான். தொலைநோக்கு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கரைகள்.

ராணிப்பேட்டையில் மிஞ்சியது

கேள்வி கேட்க ஆள் இல்லாத நீண்டகாலத் திட்டம் என்ன செய்யும் என்பதற்கு வேறு மாவட்டம் போக வேண்டாம். 1971 தமிழ்நாட்டில் திட்டமிடுதலுக்கு முக்கியமான வருடம். மாநிலத் திட்டக் குழு அந்த வருடம் அமைந்தது. தொழில் வளாகங்கள் அமைக்கிற அரசு நிறுவனமான சிப்காட் அந்த வருடம் தொடங்கியது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பெயரிலும் அந்த வருடம்தான் இருக்கிறது. சிப்காட்டின் முதல் வளாகங்களில் ஒன்று ராணிப்பேட்டைக்கு வந்தது. அது வெறும் அறிவிப்பாக நின்றுவிடவில்லை. நிலம் எடுத்தார்கள், சாலை போட்டார்கள், ஆலைகள் வந்தன. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் ஷிப்டுக்குப் போனவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அரசியல்வாதிகள் மாறி மாறி வந்தும் இந்தத் திட்டம் அரை நூற்றாண்டு நடந்தது. அந்த வகையில் இது வெற்றி. இதை மறைத்துவிட்டுப் பேசினால் அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு நான் துரோகம் செய்கிறேன்.

ஆனால் அந்தத் திட்டத்தில் உள்ளே வருவதற்குத்தான் கணக்கு இருந்தது. வெளியே போவதற்குக் கணக்கு இல்லை. வளாகத்தில் இயங்கிய ஒரு குரோமேட் ரசாயன ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் மஞ்சளாக ஊறி இறங்கும். 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது. 2015 ஜனவரி 31 அன்று தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளிகள் தூக்கத்திலேயே செத்தார்கள். அந்தக் காலைச் செய்தியை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது.

தோல் தொழிலின் கதை இன்னும் நீளம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டியே தொழிற்சாலைகள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிக்கிற மாணவர்கள் எல்லோருக்கும் வேலூர் என்ற பெயர் இந்தத் தீர்ப்பால்தான் தெரியும். மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தில் உறுதியாக வேர் பிடித்தது இதில்தான். தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழாகிவிட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணக்கிட்டதைத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. அப்புறம் என்ன ஆனது? 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இழப்பீட்டைக் கொடுங்கள், குழு அமைத்துக் கண்காணியுங்கள் என்று. மனு போட்டதிலிருந்து முப்பத்துநாலு வருடம். மனு போட்ட காலத்தில் பிறந்த குழந்தைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும். இந்த முப்பத்துநாலு வருடமும் பாலாற்றுக்காகக் கேள்வி கேட்ட இடம் டெல்லியிலும் சென்னையிலும் உள்ள நீதிமன்றங்களில் இருந்தது. வேலூரில் மாதாமாதம் கூடி ‘இந்த மாதம் கிணற்றில் உப்பு எவ்வளவு’ என்று கேட்க அதிகாரமுள்ள ஒரு அமைப்பு இருந்திருந்தால் நீதிமன்றம் இவ்வளவு சுமக்க வேண்டியிருந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

2023 ஜூன்

அப்படி ஒரு அமைப்பை அரசியல் சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 74ஆவது திருத்தம், பிரிவு 243 இசட்டி. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டக் குழு, அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் ஊராட்சி, நகராட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சிகளும் நகரங்களும் போடுகிற திட்டங்களை ஒன்று சேர்த்து மாவட்டத்துக்கு ஒரே வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அதன் வேலை. தண்ணீர் உள்ளிட்ட இயற்கை வளங்களைப் பகிர்வதையும் சுற்றுச்சூழலையும் அது பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பெரியப்பா கேட்ட ‘அந்த நாளும் இடமும்’ இதுதான்.

ஆனால் எங்கள் மாவட்டத்தில் அந்த இடம் எத்தனை வருடம் காலியாகக் கிடந்தது என்று பாருங்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது, அறிவித்த தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. தேர்ந்தெடுத்தவர்களின் இடத்துக்கு அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அந்தப் பிரிவினை தேவையானதுதான். நாட்றம்பள்ளிக்காரரும் சோளிங்கர்காரரும் ஒரு கையெழுத்துக்காக வேலூருக்கு வந்து பொழுதைத் தொலைத்த காலம் முடிந்தது. ஆனால் வார்டு மறுவரையறை பாக்கி என்பதால் அந்த டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரகத் தேர்தல் எங்களுக்கு நடக்கவில்லை. 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்து வருடம் ஊராட்சித் தலைவர் இல்லை, ஒன்றியக் குழு இல்லை, ஆகவே மாவட்டத் திட்டக் குழுவுக்கும் ஆள் இல்லை. ‘தொலைநோக்குத் திட்டம் 2023’இன் நடுப்பகுதி முழுவதும் இந்த வெற்றிடத்தில் போயிற்று. திட்டக் குழு உறுப்பினர்களுக்கான தேர்தல் 2023 ஜூனில் நடந்தது. திட்டம் முடிய வேண்டிய வருடத்தில்தான் அதைக் கேட்க வேண்டியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

இப்போது எங்கள் ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கம். 2024 செப்டம்பரில் அங்கே சிப்காட்டில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள், 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். எங்கள் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கு விடியற்காலை கம்பெனி பஸ் பிடிப்பது குறையட்டும். 2030க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம் என்ற இலக்கில் எங்கள் பங்கும் இருக்கட்டும். ஆனால் 1970களில் ராணிப்பேட்டை ஆலைகள் வந்தபோது எங்கள் தாத்தாக்களும் இதே மகிழ்ச்சியோடுதான் இருந்தார்கள். பனப்பாக்கத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் இன்றைக்குத் தண்ணீர் எந்த ஆழத்தில் இருக்கிறது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று இன்றே அளந்து எழுதி வைக்க வேண்டும். தொழிற்சாலைகள் முழுவீச்சில் ஓடத் தொடங்கிய பிறகு அளந்தால், முன்னால் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இருக்காது. பாலாற்றில் நமக்கு நடந்தது அதுதான்.

பெரியப்பாவும் நானும் இன்னும் சில ஆயக்கட்டுக்காரர்களும் சேர்ந்து மாவட்டத் திட்டக் குழுவுக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கிணற்று அளவீடு முதல் கோரிக்கை. மாவட்டத்துக்கென்று அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு நீண்டகால இலக்குக்கும் வருடத்தில் ஒரு நாள் ஒதுக்கி, எதிர்பார்த்தது, நடந்தது, தவறியது மூன்றையும் ஊர்க்காரர்கள் முன்னால் வாசிக்க வேண்டும் என்பது அடுத்தது. மனுவின் கடைசிப் பத்தியைப் பெரியப்பா சேர்க்கச் சொன்னார். 2021இல் வந்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. மற்ற மாவட்டங்களில் 2025 ஜனவரியில் முடிந்தபோது தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். எங்களுக்கும் அப்படி ஆனால், அளந்து எழுதிய அந்தக் கணக்குகள் யார் பொறுப்பில் இருக்கும், எந்த அலுவலகத்தில் போய் அவற்றைப் பார்க்கலாம் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.